கலியாணசுந்தரத்தின் முதல் வரி

"இதெல்லாம் ஒரு ஆரம்பமா?"

தேவதாஸ் வாத்தியார் சிவப்புப் பென்சிலால் கட்டுரையின் முதல் வாக்கியத்தை அடித்தார். அடித்த வேகத்தில் தாள் லேசாகக் கிழிந்தது. 'சயாமில் நாங்கள் எல்லோரும் நலமாகவும் மகிழ்ச்சியாகவும் இருக்கிறோம்.' மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூட இப்படி ஆரம்பித்தால் அவர் பெஞ்சின் மேல் ஏற்றி நிறுத்துவார்.

எழுதியது மூன்றாம் வகுப்புப் பிள்ளை இல்லை. காஜா பெராங்கில் தகரக் கூரை போட்ட அந்தத் தமிழ்ப் பள்ளியில் ஒன்பது வருஷம் அவரோடு ஒரே மேசையில் உட்கார்ந்த சக வாத்தியார் கலியாணசுந்தரம். ஜப்பான்காரன் வந்த மறுவருஷம், ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது அவனையும் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். ஆறு மாதமாக அவனிடமிருந்து ஒரு எழுத்துகூட வரவில்லை. இன்று வந்திருக்கிறது, அதுவும் பிரச்சார இலாகா வழியாக.

காலையில் இலாகாவின் துபாஷி வந்து தாளை மேசைமேல் போட்டான்.

"சாயந்தரம் நாலு மணிக்கு பாடாங் மைதானத்துல கூட்டம். உஜோங் பாசிர் ஆளுங்களும் வருவாங்க. நீங்கதான் இத மேடையில படிக்கணும். ஆரம்பம் சப்புனு இருக்கு, மாத்திடுங்க. மொத வரியக் கேட்டதுமே ஜனங்க சயாம் லாரியில ஏறணும்."

மாட்டேன் என்று சொல்ல நாக்குத் துடித்தது. போன வாரம் அப்படிச் சொன்ன செமாபோக் ஆபீஸ் கிராணியை அதே லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். தேவதாஸ் தாளை எடுத்துக்கொண்டார்.

'குடும்பத்தோடு வாருங்கள். வீடு தருகிறார்கள். வைத்தியம் இலவசம்.' வரிக்கு வரி பொய். வாத்தியாராக இருந்தவன் இன்று ஆள் பிடித்துக் கொடுக்கிறான், தூ.

முதல் வாக்கியத்துக்காக இரண்டு பேரும் போடாத சண்டை இல்லை. பசியைப் பற்றி எழுதச் சொன்னால் கலியாணசுந்தரம், 'எங்கள் வீட்டுப் பூனைக்கு அடுப்பில்தான் தூக்கம்' என்று தொடங்குவான். அதற்கும் முன்னால் பிள்ளையார் சுழி. வண்ணானுக்குத் துணிக் கணக்கு எழுதினாலும் சுழி போடாமல் பேனாவை நகர்த்தமாட்டான். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற தேவதாஸ், "வாக்கியத்த எழுதுய்யா, வளைசல அப்பறம் போட்டுக்கலாம்" என்று கேலி செய்வார். அப்படிப்பட்டவனா இப்படிச் சப்பென்று எழுதுகிறான்? மானத்தை விற்றவனுக்கு மொழியும் போய்விடுமோ என்னவோ.

அடித்த வரிக்கு மேலே தாளில் இரண்டு விரல் இடம் சும்மா கிடந்தது. அங்கே சிவப்புப் பென்சிலால் எழுதினார்: 'இங்கே மூன்று வேளையும் வெள்ளைச் சோறு.'

மரவள்ளிக் கிழங்கைத் தின்று வயிறு ஊதிக் கிடக்கிற ஊருக்கு இதைவிட நல்ல ஆரம்பம் கிடையாது. அது நல்ல வாக்கியமாக அமைந்துபோனதுதான் அவருக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. பென்சிலைச் சுவரில் விட்டெறிந்தார்.

"அண்ணே."

வாசலில் கோகிலா நின்றாள், கலியாணசுந்தரத்தின் மனைவி. இடுப்பில் மகள், கையில் துணி மூட்டை.

"அவரு எழுதினது வந்திருக்காமே. குடும்பத்தோட வரலாம்னு எழுதியிருக்காராம், துபாஷி சொன்னாரு. லாரிக்குப் பேரு குடுத்துட்டேன்."

"ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? போனவங்கள்ல ஒருத்தராச்சும் திரும்பி வந்து பாத்திருக்கியா?"

"இங்க மட்டும் என்ன வாழுது? புள்ளைக்கு மூணு நாளா வெறும் மரவள்ளிதான். அவரே வரச் சொல்றப்ப நீங்க யாரு தடுக்க?"

தேவதாஸுக்கு முகம் சிவந்தது. மேசைமேல் கிடந்த தாளை எடுத்து அவள் கையில் திணித்தார்.

"இந்தா, ஒம் புருசன் லட்சணம். சோத்துக்கு நாக்க வித்துட்டான். இத நம்பி ஏறப்போற ஒவ்வொருத்தர் பாவமும் அவன் தலையிலதான்."

கோகிலாவுக்கு எழுத்துத் தெரியாது. புருஷன் எழுதியது எதுவானாலும், உச்சியில் இருக்கிற சுழியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். அப்புறம்தான் அடுத்தவரிடம் படிக்கக் கொடுப்பாள். இப்போதும் தாளின் தலையில் விரலை வைத்தாள். விரல் இப்படியும் அப்படியும் தேடிவிட்டு நின்றது.

"செவப்புல எழுதியிருக்கிறது யாரு?"

"நாந்தான்."

"அதுக்கு அடியில அவரு எழுதினது எதையும் அழிச்சீங்களா?"

"அங்க என்ன இருந்துச்சு அழிக்க? வெறும் எடந்தான்."

கோகிலா மகளை இறக்கிவிட்டாள். மூட்டையை மேசையடியில் தள்ளினாள். வெளியே பாடாங் பக்கம் லாரி ஹாரன் அடிப்பது கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"சுழி போடாம அவரு எழுதினது ஒரே ஒரு தடவதான், அண்ணே. அவங்கப்பா செத்ததுக்கு ஊருக்குப் போட்ட கடுதாசி."