சொந்த உழைப்பு

"வாடகைக்கு விட்டிருக்கற வீட்டை நானே ரிப்பேர் பண்ணியிருக்கேன் சார். மூணு மாசம் நாயா உழைச்சிருக்கேன். அதுக்கு ஒரு கூலி போட்டு வரியில கழிச்சுக்கலாமா?"

காலை ஆட்டிக்கொண்டே கேட்டார் வீட்டுக்காரர். பக்கத்து நாற்காலியில், மடியில் பையோடு அவர் மனைவி.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த டைப்பிஸ்ட் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மடிப்புக் கலையாத சட்டை. பூப்போல விரல்கள். இந்தக் கை சாந்துக் கரண்டி பிடித்ததாம்!

"சொந்த உழைப்புக்குக் கூலி போட முடியாது," என்றார் ஆடிட்டர். "சாமான் வாங்கின பில்லைக் கொடுங்க. பாத்ரூம்ல என்ன வேலை?"

"அது... வந்து... எல்லாமே மாத்தியாச்சு சார்."

"பழைய டைல்ஸைப் பெயர்த்துட்டு, ஒழுகின மூலையைப் பூசி, புதுசு ஒட்டினது," என்றாள் மனைவி மெதுவாக.

"பெயின்ட்?"

வீட்டுக்காரர் மனைவியைப் பார்த்தார்.

"சுரண்டிட்டு, பட்டி பார்த்து, ரெண்டு கோட்டு."

அவள் விரல் நுனிகளைச் சிமென்ட் தின்றிருந்தது. டைப்பிஸ்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்போ வேலை செஞ்சது அம்மாவா?" என்றார் ஆடிட்டர்.

"இவளா? வீட்ல சும்மா இருக்கறதுக்குக் கூடமாட ஏதோ செஞ்சா. ஐடியா பூரா என்னோடது சார்!"

ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வேற ஆளுக்குக் கூலி கொடுத்திருந்தா பேச்சு வேற."

வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இவளுக்குக் கொடுத்ததா எழுதிடுங்களேன்!"

"எழுதினா போதாது. பேங்க் வழியா நிஜமாவே போயிருக்கணும். கொத்தனார் கூலி, பெயின்டர் கூலி, மூணு மாசத்துக்கும்."

"இந்தப் பாக்கெட்ல இருந்து அந்தப் பாக்கெட். நமக்கென்ன நஷ்டம்?" சிரித்துக்கொண்டே செல்போனைத் தட்டினார். மனைவி பக்கம் சாய்ந்து, "வீட்டுக்குப் போனதும் திருப்பி அனுப்பிடு" என்றார்.

டைப்பிஸ்ட் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. கொள்ளைக்காரனுக்கு வழி சொல்லிக்கொடுக்க இவருக்கு ஒரு ஆபீஸ், வாசலில் ஒரு போர்டு!

பணம் வந்த மெசேஜ் மனைவியின் போனில் ஒலித்தது. அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், இது கூலின்னா நான் திருப்பித் தரணுமா?"

"தரவே கூடாதும்மா. தந்தா அது பொய்க்கணக்கு. கேள்வி வந்தா உங்க வீட்டுக்காரர்தான் மாட்டுவார்."

வீட்டுக்காரர் முகம் சுண்டிப்போனது. "சரி விடு, வரியாவது குறையுதே" என்று முனகிக்கொண்டே எழுந்தார். பையை மார்போடு அணைத்தபடி மனைவி அவருக்கு முன்னால் நடந்தாள்.

கதவு சாத்திக்கொண்டதும் டைப்பிஸ்ட் வெடித்தாள். "அந்தம்மாவுக்குக் கூலி கிடைச்சது சரி சார். ஆனா அவங்க உழைப்பைக் காட்டி அந்தாளு வரியைக் குறைச்சுப்பான். அதுக்கு நீங்களும் உடந்தையா?"

"எங்கம்மா குறையுது?" ஆடிட்டர் ஃபைலை மூடினார். "பொண்டாட்டிக்குக் கொடுத்த கூலியைக் கழிக்கச் சட்டத்துல இடமே இல்ல. அதை அடுத்த வாரம் அவர்கிட்ட மெதுவா சொல்லிக்கலாம்."