இருபதாவது முற்றம்

அநியாயம் நடந்தது ஜினேவ்ராவுக்கு. மிலான் நகரத்துப் பழைய மாளிகைகளில் பத்தொன்பது முற்றங்களைப் படம் பிடித்தவளை, இருபதாவது வீட்டு வாசல்காரம்மா ஐந்து நாளாகக் கதவிலேயே மறித்துத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

செப்டம்பரில் பல்கலைக்கழகக் கண்காட்சி. இருபது படம் இல்லையென்றால் இடம் இல்லை.

இன்று ஆறாவது நாள். ஆகஸ்ட் வெயிலில் தெருவே காலி.

"பல்மீராம்மா!"

வாசல் அறையில் தபால் பிரித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. இரண்டாவது தடவை கூப்பிட்டதும்தான், "ஓ, என்னையா?" என்றாள்.

"பின்னே? அறைக் கதவுல உங்க பேருதானே எழுதியிருக்கு? ஒரே ஒரு படம். முற்றத்தைத் தூக்கிட்டா போயிடுவேன்?"

"முடியாதும்மா."

"ஏன்?"

"முடியாதுன்னா முடியாது."

ஜினேவ்ராவுக்குப் பொறுக்கவில்லை.

"மேல இருக்கிற பணக்காரங்க எல்லாம் கடற்கரையில குப்புறப் படுத்துக் கிடக்காங்க. நீங்க இங்க வெந்துக்கிட்டு அவங்க முற்றத்தைக் காக்கறீங்க! வாசல் மணிப் பலகையில தன் பேருக்கு மேல கிரீடம் வரைஞ்சு வச்சிருக்காளே ரெண்டாவது மாடி சீமாட்டி, உங்களுக்கு ஒண்ணுன்னா ஒரு தம்ளர் தண்ணி கொண்டு வருவாளா?"

"அவளுக்கா? காபி கூட ஒழுங்காப் போடத் தெரியாது."

"பாத்தீங்களா! நீங்களே சொல்றீங்க!"

அப்போது தர்பூசணிக்காரன் வந்து பழத்தைக் கொடுத்துவிட்டுப் போனான். வாசல்காரம்மா மூன்று சாவி போட்டுப் பார்த்து, நான்காவதில் பெரிய கதவைத் திறந்தாள். அவள் தோளுக்கு மேலே கேமராவை நீட்டினாள் ஜினேவ்ரா.

க்ளிக்.

வளைவுத் தூண்கள். மக்னோலியா மரம். அதன் நிழலில் பட்டு மெத்தை போட்ட நாற்காலி. அதில் ஒரு பருத்த அம்மாள், காலை முக்காலிமேல் நீட்டி, விசிறிக்கொண்டு.

"ஓஹோ! சீமாட்டி ஊர்லதான் இருக்காங்களா? நீங்க சாவியோட மல்லுக்கட்டுங்க, அவங்க தர்பூசணிக்குக் காத்திருக்கட்டும்! இதுதான் என் இருபதாவது படம். தலைப்பு, 'முதலாளி'."

"அந்தக் காலைப் பெரிசாக்கிப் பாரு."

பார்த்தாள். மாவுக்கட்டு.

"மாடிப்படியைத் துடைக்கும்போது விழுந்துட்டா. மாசக் கடைசியில கட்டைப் பிரிச்சிடுவாங்க. மத்த வீட்டுக்காரங்க கடல்லேருந்து திரும்பறதுக்குள்ள எழுந்து நின்னுடுவா. அவங்க எல்லாரும் உன் கண்காட்சிக்கு வர்றவங்கதான். படத்தைப் பார்த்தா, வயசாச்சுன்னு சொல்லி வாசல்ல கதவு திறக்கிற ஒரு மெஷினை மாட்டிட்டு இவளை அனுப்பிடுவாங்க. இந்த வாசல் அறையை விட்டா இவளுக்கு வேற வீடு கிடையாது."

"யாரைச் சொல்றீங்க?"

"பல்மீராவை."

ஜினேவ்ரா அறைக் கதவில் இருந்த பேரைப் பார்த்தாள். பிறகு எதிரே நின்றவளைப் பார்த்தாள்.

"அப்போ... நீங்க?"

அவள் தர்பூசணியைத் தூக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"ரெண்டாவது மாடி. நகரும்மா, பழம் கனக்குது."