சத்தம் போட வேண்டியவள்

வாட்ச்சைக் கழற்ற வேண்டிய இடம் வந்துவிட்டது.

மேடையில் நான் அப்பா. எதிரே நிற்கிற கடுகு என் மகள். வீட்டில் யாரிடமும் கேட்காமல் தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். இன்னும் சற்று நேரத்தில் நான் அவளை அறைய வேண்டும்.

எங்களுடையது பெண்கள் பள்ளி. யார் உயரமோ அவளுக்குத்தான் ஆண் வேஷம். வகுப்பிலேயே குள்ளமானவளின் பட்டப்பெயர் கடுகு, என் பட்டப்பெயர் கொடிக்கம்பம். உயரம் அப்பாவுடையது, மூக்கும் அவருடையதுதான். "அப்படியே அப்பாவ உரிச்சு வச்சிருக்கா" என்று பார்க்கிற சொந்தமெல்லாம் சொல்லும்.

ராஜா, போலீஸ்காரர், ஒருமுறை மரம் என்று எல்லாம் ஆகிவிட்டேன். ராஜாவுக்கு ஒரே வரி. மரத்துக்கு அதுவும் கிடையாது. கடைசிவரை மேடையில் நிற்கிற வேஷம் கிடைத்தது இந்த முறைதான்.

அதுவும் கைநழுவப் பார்த்தது. எனக்கு அடிக்க வரவில்லை.

மேடையில் அடிப்பது பெரிய வித்தையில்லை. கை முகத்துக்கு ஒரு சாண் தள்ளி வீசிப் போகும். கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நிற்கிற கடுகு, அதே நொடியில் தன் இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே தட்டிக்கொள்வாள். சத்தம் போட வேண்டியது அடி வாங்குகிறவளுடைய வேலை.

கடுகு படுசுட்டி. அவள் தட்டுகிற தட்டில் கடைசி வரிசைக்கே கன்னம் வலிக்கும். நான்தான் கொசு விரட்டிக்கொண்டிருந்தேன்.

"அப்பா மாதிரியாடி இருக்கு? பஸ்ஸுக்குக் கை காட்டுற மாதிரி இருக்கு. நாளைக்கும் இப்படியேன்னா வேற ஆளத்தான் பாக்கணும்" என்றார் நாடக டீச்சர்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அழுதேன்.

மறுநாள் ஒத்திகையில் கையை ஓங்க நான் அவசரப்படவே இல்லை. முதலில் வாட்ச்சைக் கழற்றினேன். அதன் கண்ணாடியைக் கட்டைவிரலால் ஒரு துடைப்புத் துடைத்து, சட்டைப்பையில் பத்திரமாகப் போட்டேன். சட்டைக்கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டேன். அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

கடுகு நிஜமாகவே ஓரடி பின்னால் போனாள்.

டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "அடிப்பாவி, எங்கடி புடிச்ச இத?"

"சும்மா தோணுச்சு டீச்சர்."

வேஷம் எனக்கே என்று ஆகிவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குத்தான் ஏனோ முழுச் சந்தோஷம் வரவில்லை.

இன்று அரங்கம் நிறைந்திருந்தது. மேடை வெளிச்சத்தில் முன்வரிசை மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது. அது நடிக்கிற பிள்ளைகளின் வீட்டாருக்கு ஒதுக்கிய வரிசை. நடுவில் அப்பா, இஸ்திரி கலையாத முழுக்கைச் சட்டையில். பக்கத்தில் அம்மா, மடியில் கைப்பையோடு. என் ஒட்டு மீசையைப் பார்த்ததும் இரண்டு பேரும் சிரித்தார்கள். அம்மா சிரித்தது எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

வாட்ச் டீச்சருடைய வீட்டுக்காரருடையது. வாரை விடுவித்தேன். கண்ணாடியைத் துடைத்தேன்.

சட்டைப்பையில் போடக் குனிந்து நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன். அம்மாவின் முழங்கை மேலே எழுந்து, காதையும் கன்னத்தையும் மறைத்திருந்தது.

நான் இன்னும் யாரையும் அடிக்கவில்லை. கையைக்கூட ஓங்கவில்லை. அரங்கத்தில் மற்ற எல்லோருக்கும் அது ஒரு ஆள் வாட்ச்சைக் கழற்றுவது, அவ்வளவுதான்.

தன் கை எழுந்தது அம்மாவுக்கே தெரியாது என்று நினைக்கிறேன். முகத்தில் பாதிச் சிரிப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

அம்மாவை இப்படிப் பயமுறுத்தவா இவ்வளவு பாடுபட்டு இந்த வேஷத்தைத் தக்கவைத்துக்கொண்டேன்?

உயரமும் மூக்கும் இருந்துவிட்டுப் போகட்டும். இது எனக்கு வேண்டாம்.

பைக்குள் போட்ட வாட்ச்சை வெளியே எடுத்து, மறுபடியும் கையில் கட்ட ஆரம்பித்தேன்.

"அடிடீ" என்று கடுகு உதட்டை அசைக்காமல் கிசுகிசுத்தாள். "அடிச்சுத் தொலைடீ!"

அவசரத்தில் வார் கொக்கிக்குள் போகவில்லை. நான் அதனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த கடுகு, வேறு வழியில்லாமல் பளாரென்று தட்டிவிட்டாள். தட்டிய கையோடு "ஐயோ அப்பா!" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கீழே விழவும் செய்தாள். என் இரண்டு கைகளும் வாட்ச்சிலேயே இருந்தன.

அரங்கமே கொல்லென்று சிரித்தது. திரை ஓரத்தில் டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார். அடுத்த வருஷம் எனக்கு மரம்தான், சந்தேகமே இல்லை.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. சிரிப்புச் சத்தத்துக்கு நடுவே அம்மா பக்கம் திரும்பி, அந்த முழங்கையைப் பார்த்தார். அது இன்னும் இறங்கவில்லை. பிறகு மேடையில் என்னைப் பார்த்தார், என் கையில் இருந்த வாட்ச்சைப் பார்த்தார்.

பிறகு மெதுவாக, தன் முழுக்கைச் சட்டையின் நுனியை இழுத்து, மணிக்கட்டில் இருந்த வாட்ச்சை மூடிக்கொண்டார்.