இரண்டாவது டப்பா

முதலாளி அந்த உடைந்த துண்டை என்னிடம் கொடுக்கவில்லை. சாப்பாட்டுக் கூடையோடு அப்போதுதான் மெக்கானிக் ஷெட்டுக்குள் நுழைந்த என் மனைவியிடம் நீட்டினார்.

"கண்ணாடிய வூட்டுலயே வெச்சிட்டு வந்துட்டேன். நீ பாத்துச் சொல்லு இளமதி. இது சூட்டுல போனதா?"



கேட்டவர் பழமலைநாதன். செராமிக் தொழிற்பேட்டையில் முப்பது வருடமாகப் பீங்கான் கப் கம்பெனி நடத்துகிறார். இளமதி அங்கே பதினோரு வருடமாகச் செக்கிங்கில் இருக்கிறாள். சூளையிலிருந்து வரும் ஒவ்வொரு கப்பையும் விரலால் சுண்டிப் பார்க்க வேண்டும். கணீரென்றால் வலது பக்கம். மந்தமாகக் கேட்டால் உள்ளே விரிசல், இடது பக்கம்.

ஒருமுறை லாரி வாசலில் நிற்கிறது, சூப்பர்வைசர் கெஞ்சுகிறார். இவள் பாதி லோடை இடது பக்கம் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாள். அன்றிலிருந்து முதலாளிக்கு இளமதி சொன்னால் சொன்னதுதான்.

இப்போது அவள் கையில் இருந்தது கப் இல்லை. முதலாளியின் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் நான் கழற்றிய கன்வெர்ட்டரின் உள்பாகம். கன்வெர்ட்டர் என்றால் புகையைச் சுத்தப்படுத்துகிற டப்பா. அதற்குள் தேன்கூடு மாதிரி பொடிப்பொடித் துளைகளோடு ஒரு பீங்கான் கட்டை இருக்கும். அந்தக் காருக்கு இரண்டு டப்பா.

பாண்டிச்சேரி நம்பர் போட்ட, இரண்டே கதவு வைத்த கார். கம்பெனி நன்றாக ஓடிய காலத்தில் ஆசைப்பட்டு வாங்கியது. இருபது வருடம் ஆகிவிட்டது. ஒரு மாதமாக இழுவை இல்லை. பின்னால் அழுகிய முட்டை நாற்றம். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு அணைவதே இல்லை.

"ஒண்ணு போயிருந்தா சென்னையில தேடி எடுத்துரலாம் கொளஞ்சி. ரெண்டும் போச்சுன்னா வண்டியக் குடுத்துட வேண்டியதுதான்," என்று காரை விடும்போதே சொன்னார். அந்த மாடலே இப்போது வருவதில்லை. சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

முதல் டப்பா உண்மையிலேயே போயிருந்தது. உள்ளே கட்டை உருகிக் கட்டி தட்டியிருந்தது. இரண்டாவதை ரப்பர் சுத்தியலால் தட்டினேன். சலசலப்பே இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை.

அதை நான்தான் கம்பியால் குத்தி உடைத்தேன்.

அந்தப் பீங்கான்மேல் பூசியிருக்கும் உலோகம் தங்கத்தைவிட உசத்தி, எவ்வளவு கிடைத்தாலும் எடுத்துக்கொள்கிறேன் என்று ஒரு பழைய இரும்பு வியாபாரி சொல்லியிருந்தான். எனக்கு அப்படி ஒன்றும் கஷ்டம் இல்லை. ஆசை, வேறென்ன. முக்கால்வாசியைப் பையில் கட்டி அலமாரிக்கு அடியில் தள்ளினேன். காட்டுவதற்கு நாலு துண்டை மட்டும் ட்ரேயில் போட்டு வைத்தேன்.

முதலாளிக்குக் கப் தெரியும், காருக்குள் இருப்பது என்ன தெரியப்போகிறது என்று தைரியமாக இருந்தேன். பீங்கான் ஊரில் உட்கார்ந்துகொண்டு பீங்கானில் பொய் சொல்லக் கிளம்பியிருக்கிறேன் என்று எனக்கு உறைக்கவே இல்லை. காலையில் சாப்பாட்டை மறந்துவிட்டு வராமல் இருந்தால் இவளாவது இங்கே வந்திருக்க மாட்டாள்.

இளமதி துண்டை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். உடைந்த விளிம்பைக் கட்டைவிரலால் தடவினாள். விரலைத் திருப்பிப் பார்த்தாள்.

விரலில் கரி இல்லை.

வண்டி ஓடும்போது உடைந்திருந்தால் உடைந்த இடத்திலும் கரி படிந்திருக்கும். சூட்டில் போயிருந்தால் முனை உருகி மழுங்கியிருக்கும். இது காலையில் கைதவறி விழுந்த கப் மாதிரி வெளேரென்று கூராக இருந்தது.

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். பயந்துபோய்ப் பார்த்தாள்.

நான் தரையைப் பார்த்தேன்.

"சூடு தாங்கலீங்க மொதலாளி," என்றாள்.

பதினோரு வருடத்தில் முதல்முறையாக ஒரு விரிசல் கப்பை வலது பக்கம் வைத்துவிட்டாள். எனக்காக.

"நீ சொன்னா செரிதாம்மா."

முதலாளி காரின் கூரைமேல் ஒருமுறை கையை வைத்து எடுத்தார். பிறகு குனிந்து, ட்ரேக்கு வெளியே சிதறியிருந்த துவரம்பருப்பு அளவுத் துண்டு ஒன்றைப் பொறுக்கி உள்ளே போட்டார். ஸ்கூட்டரில் ஏறிப் போய்விட்டார்.

அப்பாடா என்றிருந்தது. தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன், வெட்கமில்லாமல். கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன்.

இளமதி கூடையைத் திறக்கவில்லை. கரியே படாத அந்த விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"குனிஞ்சப்ப பாத்தேன்," என்றாள். "வூட்டுல வெச்சிட்டேன்னு சொன்ன கண்ணாடி அவரு சட்டப் பையிலதான் இருக்குது."

எனக்குச் சோறு கேட்கத் தோன்றவில்லை.

"நாளைக்கு எந்த மூஞ்ச வெச்சிக்கிட்டு அவரு எதிர்ல ஒக்காந்து கப்பு சுண்டுவேன்?"