பச்சை விறகு

படாரென்று சீமைக்கருவேலக் கட்டை வெடித்து, எலியாசரின் வெள்ளைச் சட்டையில் பொறி தெறிக்கிறது. பெண் கேட்டு வந்தவன் கறி சுட்டுக் காட்ட வேண்டும் என்பது மெக்சிகோவின் சொனோராவில் இந்த வீட்டின் வழக்கம். கரிமேல் அவன் வைத்த கட்டைகளின் நுனியில் சாறு நுரைக்கிறது. மஞ்சள் புகை முற்றத்தை மூடுகிறது. பெண்ணின் அப்பா எவரார்தோ ஒரு கறித்துண்டை மென்று நாயின் முன் துப்புகிறார். நாயும் முகர்ந்துவிட்டு நகர, உறவுக்கூட்டம் குலுங்கிச் சிரிக்கிறது. “காய்ஞ்ச விறகு எதுன்னே தெரியாதவனுக்கா பொண்ணு? கிளம்புங்க தம்பி,” என்கிறார் அவர். எலியாசர் தான் பெண் கேட்டு வந்த யாதிராவைப் பார்க்கிறான். விறகை அடுக்கிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்தவளே அவள்தான். இடுக்கியை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு மெல்லச் சொல்கிறாள்: “வேணாம்னு மூஞ்சிக்கு நேரா சொல்ல மனசு வரல, அதான் பச்சையாப் பார்த்து எடுத்தேன்.”