முழங்காலில் ஒரு விசாரணை

நாடாளுமன்றக் குழு அறையின் நீள மேசை மீது காலை வெயில் பாதி வரை ஏறிக் கிடக்கிறது. ஏரிக்கரை மருத்துவமனையில் ஆக்சிஜன் இல்லாமல் குழந்தைகள் இறந்ததற்கு அமைச்சரிடம் இன்று விளக்கம் கேட்க வேண்டும். கேட்க வேண்டிய குழுத்தலைவி சியோனே கலுவா, அமைச்சர் உள்ளே நுழைந்ததும் நாற்காலியை விட்டு இறங்கி, முழங்கால்கள் தரையில் பட, பெரியவர்களை வணங்கும் ஊர் வழக்கப்படி குவித்த கைகளை மெல்லத் தட்டி வணங்குகிறாள். அவர் அவளுடைய கட்சியின் பொதுச்செயலாளரும்கூட; தேர்தலில் யார் நிற்பது என்பதை அவர்தான் முடிவு செய்வார். "அக்கா, அப்படியே கேள்வியையும் கேட்டுடுங்க. எழுந்தா மறந்துடும்," என்கிறார் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர். ஆளுங்கட்சிக்காரர்கள் தங்கள் முன்னால் இருக்கும் தண்ணீர்ப் புட்டிகளையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "எழுந்திரும்மா. இந்தத் தடவையும் உன் தொகுதி உனக்குத்தான்," என்று அமைச்சர் அவள் தோளைத் தொடுகிறார். சியோனே எழுந்து, இடுப்பில் சுற்றிய சிட்டெஞ்சே துணியை உதறுகிறாள். அதில் அச்சிட்ட அதிபரின் முகம் முழங்காலருகே கசங்கியிருக்கிறது. மைக்கில் சிவப்பு விளக்கு எரிகிறது. "ஐயா தந்த விளக்கத்தைக் குழு ஏத்துக்குது. விசாரணை முடிஞ்சுது." சுவரோரம், மகனைப் பறிகொடுத்த வெசி எழுந்து நிற்கிறாள். "என்ன விளக்கம்மா குடுத்தாரு? என் புள்ளையப் பத்தி ஒரு வார்த்தை பேசலையே! உனக்குத் தொகுதியத்தானே குடுத்தாரு!"