மூன்றாவது புகார்

“இன்னைக்கும் சார்ஜ் ஏறலை சார்,” என்றாள் அந்த வீட்டுப் பெண், கதவைப் பாதி திறந்தபடி.

மெக்கானிக் அவள் முகத்தைப் பார்க்காமல் பையை இறக்கினார். “பாத்துடலாம் மேடம்.”

தோட்டத்து நடுவில் புல் வெட்டும் ரோபோ அசையாமல் கிடந்தது. வெட்டி முடித்ததும் தானே வந்து சார்ஜரில் ஒட்டிக்கொள்ள வேண்டிய யந்திரம். ஒரே மாதத்தில் இது மூன்றாவது புகார். முதல் தடவை பிளக் கழன்றிருந்தது. போன தடவை சார்ஜருக்குப் போகும் ஒயர் விட்டுப் போயிருந்தது.

“மேனேஜர் பிடிபிடின்னு பிடிச்சுட்டார். இன்னைக்கு சரி பண்ணலைன்னா அடுத்த தடவை வேற ஆளைத்தான் அனுப்புவாராம்.”

“வேற ஆளா?” அவள் குரல் இறங்கியது. “வேணாம் சார். நீங்களே வாங்க.”

முதல் தடவை இந்தக் கதவு திறந்ததுமே திரும்பிப் போக நினைத்தவர்தான் அவர். இப்போது இந்த வீட்டை இன்னொரு மெக்கானிக்குக்கு விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. அதை வாய்விட்டுச் சொல்லத்தான் வீம்பு விடவில்லை.

மீட்டரை வைத்துப் பார்த்தார். “பேட்டரியில கோளாறு இல்ல. சார்ஜர் வரைக்கும் கரண்டும் வருது. நடுவுல எங்கயோ நிக்குது.”

“டீ போடட்டுமா சார்? சக்கரை இல்லாம?”

“வேணாம் மேடம்.” போன இரண்டு தடவையும் இதையேதான் சொன்னார்.

குப்புறப் படுத்து சார்ஜரின் செப்புத் தகடுகளைப் பார்த்தார். அழுக்கே இல்லை. கொஞ்சம் அதிகமாகவே பளபளத்தன. சந்தேகப்பட்டு நகத்தால் சுரண்டினார். வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசாக ஏதோ உரிந்து வந்தது. நிறமில்லாத நகப்பாலிஷ்.

அவர் கை அப்படியே நின்றுவிட்டது. உரிந்த கம்பியில் நகப்பாலிஷ் பூசினால் கரண்ட் தாண்டாது என்ற வித்தையை அவர் ஒருத்திக்குத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார், அவள் பள்ளிக்கூடம் போகிற வயதில்.

தகடுகளை முழுக்கச் சுரண்டித் துடைத்துவிட்டு ரோபோவைத் தூக்கி வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது.

“சரியாயிடுச்சா சார்?” கேட்டவள் முகத்தில் சந்தோஷம் துளியும் இல்லை.

“சரியாயிடுச்சு.” எழுந்திருக்கத் தோன்றாமல் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷத்தை வீணடித்துவிட்டோமே என்று நினைத்தார். “இனிமே கம்பெனிக்குப் போன் பண்ணாதம்மா. அப்பாவுக்குப் பண்ணு.”

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ‘இனிமே என்னை அப்பான்னு கூப்பிடாதே’ என்று கத்தி அவளைத் தலைமுழுகியவர் அவர்தான். கல்யாண விஷயத்தில் அவர் பேச்சை மீறிய மகள், அந்த ஒரு பேச்சை மட்டும் இன்றுவரை தட்டவே இல்லை.